ஒத்துப்போன இரண்டு பட்டியல்கள்

கோகிலா, பிரபு,

இதை நோட்டில் கையால் எழுதுகிறேன். போனில் அனுப்பினால் முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு, கும்பிடு போடுகிற பொம்மை ஒன்றை அனுப்பி முடித்துவிடுவீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கோகிலா படிக்கட்டும், பிரபு கேட்கட்டும். அவன் படித்தால் அவசரத்தில் பாதியை முழுங்கிவிடுவான்.

போன வாரம் கோகிலா தன் கம்பெனி வெளியிடப்போகிற பட்டியலை எனக்குக் காட்டினாள். ஒரு பக்கம் விமர்சகர்கள் தேர்ந்தெடுத்த மிகச் சிறந்த பத்துப் புத்தகமும் பத்துப் படமும். இன்னொரு பக்கம் வாசகர்களும் ரசிகர்களும் நட்சத்திரம் போட்டுத் தேர்ந்தெடுத்தவை. "பாருங்கப்பா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்திருக்கு" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். நான் "எப்படிக் கேட்டீங்க?" என்றேன். அதற்கு பிரபு, "அப்பாகிட்டக் காட்டாதேன்னு சொன்னேனில்ல? கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட நெசமான்னு திருப்பிப் பார்க்கற ஆளு" என்றான். இருவரும் சிரித்தீர்கள்.

சிரித்தது சரிதான். ஆனால் இப்போது நீங்கள் இருவருமே என் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். பிரபு நான் வேலை பார்த்த ஆபீஸிலேயே சேர்ந்துவிட்டான். கோகிலா வீட்டுக்கு வீடு போவதில்லையே தவிர, அவளும் ஜனங்களிடம் கேள்வி கேட்டு எண்ணிச் சொல்கிறவள்தான். அதனால் என்னுடைய சந்தேகம் எங்கே பழகியது என்பதைச் சொல்ல வேண்டும். அது ஒரு தடவை தப்பான ஆள் மேல் போய் விழுந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்லத்தான் நோட்டை எடுத்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். முப்பது வருடத்துக்கு மேல் கோயம்புத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். எந்த சோப்பு, எந்த டீத்தூள், எந்த சீரியல், ஓட்டு யாருக்கு. கடைசிப் பத்து வருடம் சூப்பர்வைசர். சூப்பர்வைசருடைய வேலை கேள்வி கேட்பதில்லை. கேட்டதாகச் சொல்கிறவன் உண்மையில் கேட்டானா என்று பார்ப்பது. ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து நாற்பது வீட்டுக்கும் தானே பதில் எழுதிக்கொண்டு வருவான். அப்படி ஒருவனை நான் முதலில் பிடித்தது எப்படித் தெரியுமா? அவனுடைய ஃபார்ம்கள் சுத்தமாக இருந்தன. நிஜமாகவே வீடு ஏறி இறங்கிய ஃபார்மில் காப்பி டம்ளரின் வட்டம் இருக்கும். மஞ்சள் விரல் பட்டிருக்கும். குழந்தை கிறுக்கியிருக்கும். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் போய், ஒன்றும் குடிக்காமல் வெளியே வர முடியுமா? கறை இல்லாத ஃபார்ம் பொய் ஃபார்ம். இதை நானே கண்டுபிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லித் தந்தேன். பிரபு, உனக்கும் சொல்லியிருக்கிறேன். அதை மறந்துவிடு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஒரு வேலை வந்தது. ஒரு மில் குடும்பத்துப் பெரியவர். தொழிலாளர்களுக்காக மில்லிலும் சுற்றுப்புற ஊர்களிலும் படிப்பகங்கள் திறக்க நினைத்தார். எந்தப் புத்தகம் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை எந்தப் படம் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்ய அவருக்கு இரண்டு பட்டியல் வேண்டும். படித்தவர்கள் சிறந்தது என்று சொல்வது ஒன்று, ஜனங்கள் சொல்வது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுப்பதாகத் திட்டம். அவருக்குப் போனில் தட்டுவதில் நம்பிக்கை இல்லை. காகிதத்தில், கையெழுத்தோடு வேண்டும் என்றார்.

படித்தவர்கள் பட்டியலை நானே போய் வாங்கினேன். ஐந்து பேர். பேராசிரியர்கள் மூன்று பேர், பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்கள் இரண்டு பேர். முதலாமவர் யோசித்து யோசித்து எழுதினார். இரண்டாமவர் பேனாவைத் திறந்துவிட்டு, "அவரு என்ன போட்டிருக்காருங்க?" என்று கேட்டார். நான் முதலாமவருடைய தாளைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "அந்த நாலு தலைமுறை நாவலை முதல்ல போட்டிருக்காரா? அப்ப நானும் போட்டுடறேன். போடாம விட்டா நல்லா இருக்காது" என்றார். மூன்றாமவரும் கேட்டார். ஐந்தாமவரிடம் போகும்போது அவர் கேட்பதற்கு முன்பே நான் தாள்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். நேரம் மிச்சமாகட்டும் என்றுதான். பட்டியல் முடிந்தது. நிலத்தை இழந்த ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை முதலிடம். கனமான புத்தகம். அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்கள் என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அடுத்து ஜனங்கள். நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். நானும் ஒரு பகுதி எடுத்துக்கொண்டேன். போத்தனூரில் சில தெருக்கள், வெள்ளகோவிலில் பாதி. வெள்ளகோவிலில் மீதியும் தாராபுரமும் ஸ்டெல்லாவுக்கு. மற்ற இரண்டு பையன்களுக்குக் காங்கேயமும் பல்லடமும்.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாராபுரத்துப் பெண். அப்பா அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஸ்பின்னிங் மில்லில் நாலு வருடம் இருந்தவள். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து, டாக்டர் இனி அங்கே போகாதே என்று சொன்ன பிறகு எங்களிடம் வந்தாள். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கிளம்பும்போது மேனேஜர் எங்கள் எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுத்தார். படித்தவர்கள் பட்டியலை லேமினேட் செய்தது. ஜனங்களுக்குப் பெயர் ஞாபகம் வராது, இதைக் காட்டினால் ஞாபகம் வரும் என்றார். நான் அதை ஃபைலின் மேலேயே வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, ஃபைல், அட்டை. வீட்டுக்குள் போனதும், "படிச்சவங்கெல்லாம் இப்படிச் சொல்லியிருக்கறாங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று ஆரம்பிப்பேன். என் பேனா அட்டையின் முதல் வரியில் இருக்கும். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நாலு பேருடைய ஃபார்மும் வந்து சேர்ந்தது. என்னுடையதும் இரண்டு பையன்களுடையதும் அச்சுப் போட்ட மாதிரி ஒன்று. ஜனங்களின் முதல் புத்தகம் நாலு தலைமுறை நாவல். படங்களும் அப்படியே. மேனேஜர் பெரியவருக்குப் போன் செய்து சொன்னார். பெரியவருடைய குரல் எங்களுக்கே கேட்டது. "நம்ம சனம் லேசுப்பட்டதில்லீங்கன்னு நான் சொன்னேனா இல்லீங்களா" என்று அவர் சிரித்த சிரிப்பு ஆபீஸ் முழுக்க நிறைந்தது.

ஸ்டெல்லாவின் ஃபார்ம் கட்டுக்குள் மட்டும் வேறு உலகம் இருந்தது. முதல் புத்தகம், மலை ஊர் லாட்ஜ் ஒன்றில் பேய் கொலை செய்கிற பாக்கெட் நாவல். அடுத்தது மாமியார் மருமகள் தொடர்கதை ஒன்று. ராசிபலன் புத்தகத்துக்குக்கூட ஓட்டு விழுந்திருந்தது. படத்தில் முதலிடம், கதாநாயகன் சமையல்காரனாக வேஷம் போட்டு மாமனார் வீட்டுக்குள் நுழைகிற சிரிப்புப் படம். நாலு தலைமுறை நாவலை ஒரே ஒருவர் சொல்லியிருந்தார், அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

ஃபார்ம்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு காப்பி வட்டம் இல்லை. ஒரு மஞ்சள் விரல் இல்லை. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

மேனேஜருக்குச் சந்தேகம் வரவில்லை, பிள்ளைகளா. எனக்குத்தான் வந்தது. நான்தான் எடுத்துக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து, "இது டீக்கடை ஃபார்ம் மாதிரி இருக்குதுங்க" என்றேன். அவர் ஸ்பீக்கரைப் போட்டு, அதில் இருந்த பத்து வீட்டுக்குப் போன் செய்து, அந்த நாலு தலைமுறை நாவலா, பேய்க் கதையா என்று கேட்டார். எட்டு வீட்டில், "இல்லீங்களே, நாங்க அப்படிச் சொல்லலீங்களே. அந்த நல்ல நாவல்தானுங்க எங்களுக்கு" என்றார்கள். அப்புறம் என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பாக்கெட் நாவல் நெறையப் படிப்பியாம்மா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க சார்."

"அப்ப சினிமாக்கதை நல்லா எழுதுவியாட்ட இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். "நான் எழுதலீங்க சார். அவங்க சொன்னதுதானுங்க."

"எட்டுப் பேரு இல்லைங்கறாங்க. எட்டுப் பேரும் பொய் சொல்றாங்களா?"

இந்தப் பட்டணத்தில் சர்வே ஆபீஸ்கள் கொஞ்சம்தான். ஒரு இடத்தில் பொய் ஃபார்ம் எழுதியவள் என்று பெயர் வந்தால் மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் போனில் சொல்லிவிடுவார்கள். பிறகு அவளுக்கு மில்தான், பஞ்சுத்தூசிதான். இது மூன்று பேருக்கும் தெரியும். மேனேஜர் என்னிடம், "திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. இவ கட்டை எடுத்துப்போட்டா ரெண்டு பட்டியலும் கச்சிதமா ஒத்துப்போகுது" என்றார்.

கச்சிதமா என்ற வார்த்தைதான் என்னை உறுத்தியது. முப்பது வருடத்தில் இரண்டு சோப்பைப் பற்றிக்கூட இரண்டு தெருக்காரர்கள் கச்சிதமாக ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. படித்தவர்கள் ஐந்து பேரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று எனக்குத் தெரியும். நானே தாளை மேஜையில் வைத்தேன். ஜனங்கள் எப்படி ஒத்துப்போனார்கள்?

சனிக்கிழமை காலையில் வெள்ளகோவில் பஸ் ஏறினேன். ஸ்டெல்லாவையும் வரச் சொல்லியிருந்தேன், ஆனால் ஒரு மணி நேரம் கழித்து. முதலில் நான் தனியாக என் சொந்த வீடுகளைப் பார்க்க நினைத்தேன்.

முதல் வீட்டில் என்னை ஞாபகம் வைத்திருந்தார்கள். "வாங்க, வாங்க, சித்தே உக்காருங்க" என்று நாற்காலி வந்தது. அந்த அம்மாவிடம், "நீங்க சொன்னீங்களே அந்த நாவல், அதுல என்னங்க உங்களுக்குப் புடிச்சது?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குமுங்க."

"கடைசியில அந்தக் குடும்பம் என்னாகுதுங்க?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் பார்வை. "நல்லபடியாத்தானுங்க ஆகியிருக்கும்" என்றார். தையல் மிஷினுக்கு அடியில் பாக்கெட் நாவல்கள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. அட்டையெல்லாம் நைந்து போயிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது சும்மா கெடக்குதுங்க" என்று சொல்லிக் காலால் உள்ளே தள்ளினார்.

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி வந்தபோது ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். "போன்ல இல்லைன்னு சொன்ன வீட்டுல ஒண்ணுக்குப் போலாம், அம்மணி. நீ முன்னால போ. நான் வந்திருக்கறது தெரிய வேண்டாம்" என்றேன். அவள் முன்னால் நடந்தாள். தன்னை நம்பாமல் ஒளிந்து நின்று பார்க்கப்போகிறார் என்றுதான் நினைத்திருப்பாள். அது உண்மையும்தான்.

அது ஒரு தேங்காய்க் களம். உடைத்த தேங்காய்களை வெயிலில் கவிழ்த்துக் காயப்போட்டிருந்தார்கள். களத்துக்காரருடைய மனைவி வாசலில் நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். நான் சாக்கு அடுக்குக்குப் பின்னால் நின்றேன். ஸ்டெல்லா கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "ஏனுங்கக்கா" என்று கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, மறுக்கா என்ன? போன வாரந்தான வந்து கேட்டுட்டுப் போன?"

"ஆமாங்கக்கா. ஆபீஸ்ல நானா எழுதிக்கிட்டேன்னு சொல்றாங்க. நீங்க போன்ல மாத்திச் சொல்லீட்டீங்களாமா."

"எந்தப் போனு? ஓ, அந்த மேனேஜரா? எத்தன மருவாதியாக் கேட்டாரு அந்த மனுசன். நல்லா இருக்கறீங்களாங்கம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கோணுமுங்கன்னு. அப்பேர்ப்பட்டவருகிட்டப் போயி நான் பேய்க் கதை படிக்கறேன்னா சொல்லுவாங்க? அவரு என்ன நெனைப்பாரு?"

"எங்கிட்டச் சொன்னீங்களேக்கா."

"உங்கிட்டச் சொன்னா என்ன?"

அந்த அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கெடக்குது. அந்த லாட்ஜுல செத்துப்போனவ மறுபடி வாராளாமா? ரெண்டாம் பாகம் வந்துதான்னு பாத்துச் சொல்றேன்னியே, பாத்தியா?" என்றார்.

"இன்னும் கெடைக்கலீங்கக்கா."

"கெடைச்சா சொல்லு. எங்கூட்டுக்காரரு முன்னால வேண்டாம்."

நான் வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முந்தானை தானாகத் தோளுக்கு ஏறியது. "அட, சார் வந்திருக்கறீங்களா. ஏ புள்ள, முன்னயே சொல்றதில்லயா? வாங்க சார், உள்ள வாங்க, உக்காருங்க. மோர் கொண்டாரேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, அதைத் தன் முந்தானையால் துடைத்தார். ஒரே ஒரு நாற்காலி.

கையில் மோர் வந்த பிறகு, வழக்கமாகக் கேட்கிற மாதிரியே கேட்டேன். "உங்களுக்கு ரொம்பப் புடிச்ச புஸ்தகம் எதுங்க?"

அவர் கண் என் ஃபைல் மேலிருந்த அட்டைக்குப் போய்விட்டுத் திரும்பியது. "அந்த நாலு தலமொறைக் கதைதானுங்க. நல்ல கருத்துள்ள கதைங்க."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டெல்லா கேட்டருகே நின்று, தேங்காயைக் கொத்த வந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. மோரைக் குடித்து முடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

திரும்பி நடக்கும்போது, "மோர் நல்லா இருந்துச்சுங்களா சார்?" என்றாள்.

"இருந்துச்சு" என்றேன். கொஞ்ச தூரம் போய், "உனக்கு ஏம்மா அவங்க உள்ளதச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட நல்ல பேரு வாங்கி அவங்க என்னங்க சார் பண்ணப் போறாங்க?" என்றாள். "போனதும் எந்த ஊருன்னு கேப்பாங்க. தாராபுரம்னா, தாராபுரத்துல எந்தப் பக்கம்னு கேப்பாங்க. சொல்லுவேன். அப்பறம் நாக்காலி வராதுங்க. வெளிக் கேட்டுக்குப் பக்கத்துலயே நின்னு கேக்கறதுதான். அவங்க பாட்டுக்கு வேலை செஞ்சுகிட்டே சொல்லுவாங்க."

"ஃபார்ம் அத்தன சுத்தமா இருந்துச்சே."

"நின்னுகிட்டுப் பரீட்சை அட்டை மேல வச்சு எழுதினா கறை எங்கிருந்துங்க சார் வரும்?"

ரோட்டில் ஒரு லாரி போனது. நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். இத்தனை வருடம் கறையைப் பார்த்து உண்மை என்று எண்ணினேன். நம் ஊர் மரியாதை எவ்வளவு பெரியது என்று பெருமையாகப் பேசியிருக்கிறேன். வந்தவருடைய மனம் கோணக் கூடாது என்று நாற்காலியும் மோரும் கொடுக்கிறவர்கள், அதே மாதிரி அவர் மனம் கோணாத பதிலையும் கொடுத்தனுப்புகிறார்கள். காப்பி வட்டம் இருந்த என் ஃபார்ம்கள் எல்லாம் உபசாரம். உபசாரம் கிடைக்காதவளிடம்தான் உள்ளது வந்திருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, மரியாதை இல்லாமல் கேட்டால் உண்மை வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதையும் நான் அவளிடம் சந்தேகப்பட்டுக் கேட்டேன். "உன்னக் கேலி பண்றதுக்குன்னு எதையாச்சும் சொன்னவங்க இல்லையா?" இருந்தார்கள். ஒரு கடைக்காரர், தன் கடைக் கடன் நோட்டுத்தான் தனக்கு உலகத்திலேயே பிடித்த புத்தகம் என்று சொல்லி, நின்றிருந்தவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். அந்த மாதிரி நாலு ஃபார்மை அவளே தனியாக எடுத்து வைத்து, காரணமும் எழுதியிருந்தாள். சூப்பர்வைசர் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஸ்டெல்லா கட்டு நெசமுங்க. என் கட்டுத்தான் ஆகாது. தள்ளிருங்க" என்றேன்.

"உங்க ஃபார்மையே நீங்க தள்றீங்களா? வெள்ளகோவில் வெயில் தலைக்கு ஏறிப்போச்சுங்களா?"

"பசங்க ரெண்டு பேரோடதும் அப்படித்தானுங்க. எல்லாரும் அட்டையக் காட்டித்தானுங்களே கேட்டோம். அந்தப் புள்ள மட்டும் அட்டையக் காட்டலீங்க. வெளிக் கேட்டுப் பக்கத்துல நின்னு அட்டையக் காட்டினா யாரும் எட்டிப் பாக்கமாட்டாங்கன்னு பைக்குள்ளயே வச்சுக்கிட்டாளாம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "பெரியவருகிட்டப் போயி, உங்க சனத்துக்குப் பேயும் சமையக்காரனுந்தான் புடிக்குதுன்னு நான் சொல்லோணுமா? அவரு ஊரெல்லாம் சொல்லிப்போட்டாரு. அடுத்த வேலைய வேற ஆபீசுக்குக் குடுத்துருவாரு. இங்க பன்னண்டு குடும்பம் இருக்குது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். பன்னிரண்டில் நம் குடும்பமும் ஒன்று. கோகிலாவுக்கு அப்போது கடைசி வருடப் படிப்பு. என் கையெழுத்து இல்லாமல் ரிப்போர்ட் போகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அந்தப் புள்ள மேல ஒரு எழுத்து வரக் கூடாதுங்க. அவ ஃபார்மு நெசம்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன். அது ஃபைல்ல இருக்கோணும். மத்த ஆபீசுக்கு அவளைப் பத்திப் போன் போகக் கூடாது" என்றேன்.

"பட்டியலு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

அவள் வேலை தப்பியது. பட்டியல் பொய்யாகவே போய் அச்சாகிவிட்டது. முன்னுரையில் படித்தவர்களுக்கும் பாமரர்களுக்கும் ரசனை ஒன்றுதான் என்று பெருமையாகப் போட்டிருந்தது. நான் பாதிதான் செய்தேன். உங்களுக்கு முழுதும் செய்தவனைப் போல எழுத எனக்கு வாய்ப்பு இருந்தது, நீங்கள் வெள்ளகோவிலுக்குப் போய் விசாரிக்கவா போகிறீர்கள்? ஆனால் இந்த நோட்டிலும் உபசாரம் செய்தால் எழுதியது வீண்.

ஸ்டெல்லாவிடம் மறுநாள், "உன் மேல முதல்ல சந்தேகப்பட்டது மேனேஜர் இல்ல, நாந்தான்" என்று சொன்னேன்.

"தெரியுமுங்க சார். ஃபார்மைத் திருப்பிப் பாத்தது நீங்கதானுங்களே." பிறகு பையை எடுத்துக்கொண்டே, "அடுத்த தடவ எனக்கு அட்டை மட்டும் குடுக்காதீங்க. பை கனமா இருக்குதுங்க" என்றாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்று வரை தெரியாது. கேட்டிருந்தால் 'பரவாயில்லீங்க சார்' என்றுதான் சொல்லியிருப்பாள். அவளும் நம் பக்கத்துப் பெண்தானே.

கோகிலா, உன் பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. நட்சத்திரம் போடுகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார் என்று மட்டும் பார். விமர்சகர் பட்டியல் திரையில் மேலே இருந்து, அதற்குக் கீழே நட்சத்திரப் பெட்டி இருந்தால், அது என் லேமினேட் அட்டைதான். போட்ட நட்சத்திரம் அவர் நண்பர்களுக்குத் தெரியும் என்றால், அது நாற்காலியும் மோரும். விமர்சகர்களையும் விட்டுவிடாதே. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் கேட்டாயா? பிரபு, நீ வீட்டுக்குள் உபசாரமாகக் கூப்பிடப்படுகிற ஆள். உன் சட்டை அப்படி, உன் பேச்சு அப்படி, உன்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் நீ சொல்கிற பதில் அப்படி. கூட வருகிற பெண்ணை எங்கே நிற்க வைத்தார்கள் என்று பார். அவள் ஃபார்ம் உன்னுடையதோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் உன்னுடையதைத் திருப்பிப் பார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒன்று செய்தேன். யாருக்கும் சொன்னதில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, மிச்சமிருந்த வெற்று ஃபார்ம் ஒன்றை எடுத்து என்னையே கேட்டுக்கொண்டு நிரப்பினேன். பெயர், வயது, ஊர் போத்தனூர். மிகவும் பிடித்த புத்தகம் என்ற இடம் வந்ததும் என் கை தானாக நாலு தலைமுறை நாவலின் பெயரை எழுதிவிட்டது. அதில் நான் அறுபதாவது பக்கத்தைத் தாண்டியதில்லை. ஆபீஸில் ஒரு ஆள் கிடையாது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காக அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. பிறகு அதை அடித்துவிட்டு, கோகிலா பிறக்கும்போது உங்கள் அம்மாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பயம் தெரியாமல் இருக்க நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு நகைத் திருட்டுத் துப்பறியும் கதையின் பெயரை எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.